பதினோரு விநாடி

எங்கள் வீட்டில் இரண்டு அடுப்பு, இரண்டு மின்விசிறி, ஒரே ஒரு கக்கூஸ். விவாகரத்து வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. வாங்கினவர்கள் எங்கே போவது? சியென்ஃபுயேகோஸ் மாதிரித் துறைமுக ஊரில் வீடு என்ன மரத்திலா காய்க்கிறது? நீதிபதி கையெழுத்துப் போட்ட மறுவாரம் எவேலியோ எங்கிருந்தோ ஒட்டுப்பலகை கொண்டுவந்து கூடத்துக்கு நடுவே நிறுத்தி ஆணி அடித்தான். வீதிப் பக்கம் எனக்கு, கொல்லைப் பக்கம் அவனுக்கு. கக்கூஸ் அவன் பக்கம் போய்விட்டதால் ஒரு ஓரமாக எனக்கு நடைபாதை விட்டான். அதுவரைக்கும் புண்ணியவான். எங்கள் தெருவில் இப்படி இன்னும் மூன்று வீடு உண்டு, யாரும் எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

நாங்கள் பேசிக்கொள்வது இல்லை. பலகை அவ்வளவு மெல்லிசு, அவன் தும்மினால் என் சட்டி ஆடும். ஆனாலும் செய்தி என்பது மகள் நியுர்க்கா வாய் வழியாகத்தான் வரவேண்டும்.

"அப்பாகிட்ட சொல்லு, காஸ் தீந்துடுச்சுன்னு."

"அம்மாகிட்ட சொல்லு, காதுல விழுந்துச்சுன்னு."

"ரெண்டு பேரும் நல்லா இருப்பீங்க!" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

வீடு யாரால் இரண்டாச்சு என்பதுதான் எங்கள் வழக்கு. அவன் சரக்குக் கப்பலில் எஞ்சின்காரனாக இருந்தவன். வருஷத்தில் எட்டு மாதம் கடல். துறைமுகத்துக்கு ஒருத்தி வைத்திருக்கிறான் என்று நான் சொன்னேன். இல்லை, இவள் சந்தேகப்பிசாசு என்று அவன் சொன்னான். சொன்னான் என்ன சொன்னான், ஊமைக்கோட்டான், ஒரே ஒரு தரம் முனகினான். நான் வாயுள்ளவள். தெரு முழுக்க என் பக்கம் தீர்ப்பாகிவிட்டது. எதிர்வீட்டு பெல்கிஸ் இன்றைக்கும் அவனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் ஜெயித்தவள் என்ற நினைப்பில்தான் இந்த ஒன்பது வருஷத்தை ஓட்டினேன், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

இருபத்தேழு வயசில் நியுர்க்கா கிளம்பினாள். விமானத்தில் தெற்கே கீத்தோ வரைக்கும் போய், அங்கிருந்து நாடு நாடாகத் தாண்டித் தரை வழியாக வடக்கே, மயாமிக்கு. எங்களிடமே ஐந்து நாள் முன்னால்தான் சொன்னாள். வேறு ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. பயணத்தை வெளியில் சொன்னால் கண் பட்டுவிடும், இங்கே பெற்ற தகப்பனுக்குக்கூடக் கடைசியில்தான் சொல்வார்கள். அந்த ஐந்து நாளில் துணிமணி எடுத்துவைத்தாளோ இல்லையோ, என் உயிரை எடுத்தாள்.

"நான் போயிட்டா உங்களுக்கு நடுவுல யாரு தபால்காரி? இருபது வருஷம் துறைமுகத்துல கம்ப்யூட்டர் ஆபீஸ்ல குப்பை கொட்டினியே, ஒரு நெட்வொர்க் போடும்மா. நான் அனுப்புற வீடியோவை அதுல போடு. அப்பா அந்தப் பக்கம் பாத்துக்கட்டும். நீங்க பேசவே வேணாம்."

"அந்த மனுஷனுக்கு மவுசைப் பிடிக்கத் தெரியுமாடி?"

"கப்பல் எஞ்சினைப் பிரிச்சு மாட்டினவருக்கு மவுசு பெரிசா?"

சரி என்று இறங்கினேன். ஆபீசில் தள்ளுபடி செய்த பழைய கம்ப்யூட்டர் மூன்று கட்டிலுக்கடியில் கிடந்தன, அதில் ஒன்றை நியுர்க்கா அவன் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். பெல்கிஸிடமிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க். தெருக்காரர்கள் மொட்டை மாடி வழியாக இழுத்த நெட்வொர்க்கில் மிஞ்சின கேபிள் கொஞ்சம். கேபிள் சொருக ஐந்து ஓட்டை உள்ள ஸ்விட்ச் ஒன்று, அதில் இரண்டு செத்தவை. பலகையில் தரையை ஒட்டித் துளை போட்டுக் கேபிளை நுழைத்தேன். அந்தப் பக்கமிருந்து ஒரு கை அதைப் பிடித்து மெதுவாக இழுத்தது. நான் விட்டுக்கொடுத்தேன், அவன் இழுத்தான். ஒன்பது வருஷத்தில் நாங்கள் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான்.

முனையில் எட்டுக் கம்பியையும் நிறம் பார்த்து வரிசையாக வைத்துப் பிளக்கில் இடுக்கியால் நசுக்கிப் பொருத்தினேன். சர்வருக்கு ஒன்று, எனக்கு இரண்டு, அவனுக்கு மூன்று என்று எண் கொடுத்தேன். நடுவில் ஒரு ஃபோல்டர், பேர் 'நியுர்க்கா'. நான் போடலாம், எடுக்கலாம், அழிக்கலாம். அவன் திறந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

"ஏம்மா, அப்பாவுக்கும் எழுதுற உரிமை குடேன்."

"எதுக்கு? கப்பல் பாட்டா போட்டு ரொப்பறதுக்கா? பாக்கட்டும், தொட வேணாம்."

"கஸ்டம்ஸ்லகூட இவ்வளவு கெடுபிடி இல்லம்மா."

சோதனைக்கு அவளுடைய ஐந்து வயசுப் படத்தைப் போட்டேன், முன்பல் இரண்டும் இல்லாமல் சிரிக்கிற படம். பலகைக்கு அப்பால் நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு ஒரு இருமல். "வந்துடுச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்று குரல் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடுப்புத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவள் போனாள். செப்டம்பர் மாதம். அதற்குப் பிறகு என் வேலை இதுதான்: மணிக்கணக்குக்கு விற்கிற வைஃபை அட்டையைச் சுரண்டி எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போவது, நடைபாதை ஓரத்தில் குந்திக்கொள்வது. சுற்றிலும் அத்தனை பேரும் மயாமிக்குக் கேட்கும்படி கத்துவார்கள். அந்தச் சந்தைக்கடைக்கு நடுவே அவள் அனுப்பினதை இறக்கிக்கொள்வேன். வீட்டுக்கு வந்து ஃபோல்டரில் போடுவேன். கால் மணி நேரத்தில் அந்தப் பக்கம் அவள் குரல் கேட்கும். நான் பார்த்ததையே அவன் பார்க்கிறான் என்பது முதலில் எரிச்சலாக இருந்தது. போகப்போக அந்தக் குரல் கேட்கும் வரைக்கும் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது. வாராவாரம் பெல்கிஸ் டிஸ்க்கில் கொண்டுவருகிற படம், தொடர் எல்லாவற்றோடும் பேஸ்பால் ஆட்டத்தையும் அவனுக்காகப் போட்டுவைத்தேன். கேட்டால் இல்லை என்றிருப்பேன்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை இரண்டு வீடியோ வந்தன. கொலம்பியாவில் துர்போ என்ற கரையோர ஊரிலிருந்து. கூடவே எழுத்தில் ஒரு வரி: 'ரெண்டாவது அப்பாவுக்கு. அப்படியே போட்டுடு. நீ பாக்காதே.'

பார்க்காதே என்று சொன்னால் பார்க்காத தாய் எந்த நாட்டில் இருக்கிறாள்? வீட்டுக்கு வந்து ஒலியைக் குறைத்து வைத்துப் பார்த்தேன்.

மகள் இளைத்திருந்தாள். மூக்கில் தோல் உரிந்திருந்தது.

"அப்பா, இது உங்களுக்கு மட்டும். அம்மாகிட்ட சொல்ல வேணாம். அவங்களுக்குக் கடல்னாலே குலை நடுங்கும். அந்தப் பயத்துலதானே சந்தேகப்பட்டு சந்தேகப்பட்டு நம்ம வீட்டையே ரெண்டாக்கினாங்க."

பதினோரு விநாடி. அதற்கப்புறம்தான் விஷயம்.

"காலோன்ல உங்க கூட்டாளி தெமெத்ரியோ இருக்காரே, பனாமாவுல, அவர் நம்பர் இன்னும் வெச்சிருக்கீங்களா? இங்கேருந்து பனாமாவுக்குக் காட்டு வழியா நடந்துதான் போகணுங்கறாங்க. அவர் லாஞ்சு அனுப்பினா கரையோரமாவே போயிடலாம். எங்க கூட்டம் வியாழக்கிழமை கிளம்புது. அதுக்குள்ள அம்மா போன்ல சேதி வந்தா நான் நின்னுடறேன். வரலேன்னா நடந்துடறேன். எல்லாரும் நடக்கறாங்கப்பா, பயப்படாதீங்க."

என் தம்பி தொண்ணூற்று நாலில் டயர்க் குழாயில் பலகை கட்டிக்கொண்டு கடல் வழியாக நாட்டை விட்டுப் போனவன். ஒரு கடிதாசு வரவில்லை. கடலென்றால் எனக்குக் குலை நடுங்கும்தான், அதில் பொய் இல்லை. ஆனால் அன்றைக்கு என்னைக் குத்தினது கடல் இல்லை. என் வயிற்றில் பிறந்தவள் அவன் பக்கம் சாட்சி சொல்கிறாள்! அந்தப் பதினோரு விநாடியை அவன் கேட்டால் ஒன்பது வருஷமாக நான் ஜெயித்த வழக்கு ஒரே மூச்சில் தோற்றுப்போகும். அந்தப் பக்கம் நாற்காலியில் சாய்ந்து அவன் சிரிப்பான் என்று நினைத்தபோதே காது சுட்டது.

அதை மட்டும் வெட்டிவிட்டுப் போடலாம் என்று முடிவு பண்ணினேன். பத்து நிமிஷ வேலை. வியாழனுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறதே.

வீடியோவை வெட்டுகிற புரோகிராம் ஒன்று பெல்கிஸ் டிஸ்க்கில் இருந்தது. அதை ஏற்றவே திங்கள் ராத்திரி ஆகிவிட்டது. வெட்டி முடித்துச் சேமிக்கச் சொன்னால் என் கிழட்டு மெஷின் முக்கி முனகி, பாதியில் உறைந்து நின்றது. செவ்வாய் காலையில் மறுபடி ஆரம்பித்தேன், மின்சாரம் போனது. சாயங்காலம் வரைக்கும் வரவில்லை. புதன்கிழமை ஒருவழியாக வெட்டி எடுத்தேன். ஓட்டிப் பார்த்தால் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். இதைப் பார்த்தால் கை வைத்திருக்கிறேன் என்று எஞ்சின்காரனுக்கு உடனே தெரிந்துவிடும். திரும்பவும் முதலிலிருந்து.

இந்த மூன்று நாளும் அவன் பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தான். முட்டை பொரித்தான், ரேடியோவைத் திருகினான், இருமினான். "எவேலியோ, தெமெத்ரியோவுக்குப் போன் பண்ணு" என்று வாயைத் திறந்து நான்கு வார்த்தை சொல்லியிருக்கலாம். கத்தக்கூட வேண்டாம். ஒருதரம் எழுந்து நடைபாதை வரைக்கும் போனேன். இத்தனை வருஷத்துக்கப்புறம் நானாகப் போய்ப் பேசுவதா என்று திரும்பி வந்தேன். வந்து உட்கார்ந்து, தரை வழிதானே, காலுக்குக் கீழே மண் இருக்கிறதே, கடலுக்கு அது மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு வீடியோ சுத்தமாக வந்தது. 'காலோன்ல உங்க கூட்டாளி' என்று அழகாக ஆரம்பித்தது. ஃபோல்டரில் போட்டேன்.

பதினோரு மணிக்கு அந்தப் பக்கம் நாற்காலி விழுந்தது. அவன் காலில் செருப்பில்லாமல் பக்கத்துச் சந்து வழியாக வந்து வாசலைத் தாண்டி ஓடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அறுபத்தொரு வயசு, ஒரு முட்டி மடங்காது. நாலு தெரு தள்ளித் தொலைபேசி ஆபீஸ். அரை மணியில் திரும்பி வந்து, என் பக்கத்துக் கதவை, ஒன்பது வருஷமாகத் தொடாத கதவை, இரண்டு கையாலும் தட்டினான்.

"சோய்லா! சோய்லா! தெமெத்ரியோ கெடைச்சுட்டான்! சனிக்கிழமை லாஞ்சு அனுப்பறானாம். அவளை நிக்கச் சொல்லு, அங்கேயே நிக்கச் சொல்லு!"

பூங்காவுக்கு ஓடினேன். அவனும் கூடவே நொண்டிக்கொண்டு வந்தான். 'போகாதே, அப்பா லாஞ்சு ஏற்பாடு பண்ணிட்டார்' என்று எழுதி அனுப்பினேன். போய்ச் சேரவில்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. என் அட்டை தீர்ந்தது, வரிசையில் நின்று இன்னொன்று வாங்கினோம், அதுவும் தீர்ந்தது. அவன் வாய் மூடாமல் பேசிக்கொண்டே இருந்தான், கப்பலில் தெமெத்ரியோ சமைத்த கதை எல்லாம். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது நாள் கழித்துத் தாமாரிஸ் என்ற பெண் பனாமாவிலிருந்து கூப்பிட்டாள். எங்கள் நாட்டு ஓல்கின் ஊர்க்காரி, நியுர்க்காவோடு நடந்தவள். முதலில் அழுதாள், அப்புறம் சொன்னாள். மூன்றாம் நாள் மத்தியானம் மலையில் மழை. ஆறு ஏறிவிட்டது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு தாண்டினார்கள். நியுர்க்கா பின்னால் வந்த ஒரு கைக்குழந்தைக்காரிக்கு வழிவிடக் கயிற்றை விட்டு ஒதுங்கினாளாம்.

"கீழ ஒரு வளைவுல கெடைச்சாங்க, அம்மா. தூக்கிட்டு வர முடியல. கல்லை அடுக்கி மூடினோம். பேர் எழுதி வெச்சோம்."

நான் போனை எவேலியோ கையில் கொடுத்தேன். அவன் கேட்டுவிட்டு, "ரொம்ப நன்றிம்மா, நீ பத்திரமா போ" என்று அவளிடம் சொன்னான். அந்த மனுஷனுக்கு அப்போதும் அதைச் சொல்லத் தோன்றியது.

துக்கத்துக்குத் தெரு முழுக்க வந்தது. உடம்பில்லாத துக்கம், படத்துக்கு முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீரும் பூவும். பெல்கிஸ் ரேஷன் கடையில் கிடைக்கிற பட்டாணி கலந்த காப்பியைப் போட்டு எல்லாருக்கும் கொடுத்தாள். வந்தவர்களிடம் எல்லாம் அவன் ஒரே கதையைச் சொன்னான்.

"வியாழக்கிழமை விடிகாலைலயே வீடியோ வந்து கெடந்திருக்கு. நான் என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? மூணாவது வீட்டு குக்கருக்கு வாஷர் போட்டுட்டிருந்தேன். வாஷர்! பதினோரு மணிக்குத்தான் தெறந்தேன். அவங்களைக் காட்டோரத்துல எறக்கிவிடற படகு ஆறரைக்குத்தான் கெளம்புச்சாம், அந்தப் பொண்ணு சொல்லுச்சு. விடிஞ்சதும் தெறந்திருந்தா எம்பொண்ணு நின்னுருப்பா."

"உன் தப்பு இல்ல, எவேலியோ" என்பார்கள்.

"வேற யார் தப்பு? சோய்லா வந்தவுடனே போட்டுட்டா. அவ ஒருநாளும் தாமதம் பண்ணதில்ல. நான்தான் பாக்கல."

எனக்காகப் பரிந்து பேசுகிறான்! ஊர் முன்னால்! நான் காப்பிக் கிளாஸைக் கழுவிக்கொண்டே இருந்தேன். கழுவின கிளாஸையே கழுவினேன்.

அதோடு சாப்பாட்டை விட்டான். முட்டை பொரிக்கிற சத்தம் நின்றது. காலையில் ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து உட்காருவான். புதிதாக ஒன்றும் வராது, வராதென்று தெரியும், ஆனாலும் ஆறு மணிக்கே திறந்துவிடுவான். அப்புறம் அந்த வீடியோவைப் போடுவான். 'காலோன்ல உங்க கூட்டாளி...' நாளைக்கு ஏழெட்டுத் தரம். நான் வெட்டின இடத்திலிருந்து ஒவ்வொரு தரமும் அவள் பேச ஆரம்பிப்பாள்.

"உன் பக்கத்து ஆளு எலும்பும் தோலுமா ஆயிட்டான்" என்றாள் பெல்கிஸ். "குக்கர்காரி வீட்டுப் பக்கம்கூடப் போகமாட்டேங்கறான். நேத்து கடைல மயங்கி விழப் பாத்தான். அவனுக்கு நீ ஏதாவது சொல்லக்கூடாதா?"

"நான் என்ன சொல்ல?"

"அவன் தப்பில்லன்னு சொல்லேன். நீ சொன்னா நம்புவான்."

அன்றைக்கு முழுக்க வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். சொல்லாமல் விட்டால் இந்த மனுஷன் குக்கர் வாஷரைக் கட்டிக்கொண்டே செத்துப்போவான். சொன்னால், பெற்ற மகளைக் கொன்றவள் என்று அவன் வாயால் கேட்க வேண்டும். பயமாக இருந்தது. கடலுக்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு, முழு வீடியோவை, அவள் அனுப்பினது அனுப்பினபடியே, ஃபோல்டரில் போட்டேன். போட்டுவிட்டு நடைபாதை வழியாக அவன் பக்கம் போய் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

"எவேலியோ."

திரும்பிப் பார்த்தான். தாடி வளர்ந்து பாதி வெள்ளையாகியிருந்தது.

"அது வியாழக்கிழமை வரல. திங்கக்கிழமையே வந்துடுச்சு."

"எது?"

"வீடியோ. திங்கக்கிழமை சாயங்காலம் என் கைக்கு வந்துடுச்சு. நான்தான் வெச்சிருந்தேன். நீ விடியகாலைல தெறந்திருந்தாலும் அங்க ஒண்ணும் இருந்திருக்காது."

அவனுக்கு ஏறவில்லை. விரலை மடக்கினான். "திங்க, செவ்வா, புதன்..." என்று எண்ணினான். "மெஷின் கெட்டுப்போச்சா? கரண்ட் இல்லையா?"

நான் தப்பிக்க அவனே வழி காட்டுகிறான், பாருங்கள். மின்சாரம் போனது உண்மைதானே, ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்தது.

"இல்ல. முன்னாடி கொஞ்சம் வெட்டினேன். அதுக்குத்தான் அத்தனை நாள் ஆச்சு."

"என்னத்தை வெட்டினே?"

புது ஃபைலைக் காட்டினேன். அவன் அமுக்கினான். அவள் வந்தாள், மூக்கில் தோல் உரிந்தபடி. அப்பா, இது உங்களுக்கு மட்டும் என்றாள். கடல் என்றாள், பயம் என்றாள், வீட்டையே ரெண்டாக்கினாங்க என்றாள். காலோன் என்று ஆரம்பித்ததும் அவன் நிறுத்திவிட்டான். கையை ஓங்குவானோ என்று நான் பலகையோடு ஒட்டிக்கொண்டேன். ஓங்கினால் வாங்கிக்கொள்ளவும் தயாராகத்தான் இருந்தேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. திரையில் உறைந்து நின்ற மகளிடம், அவள் எதிரே உட்கார்ந்திருப்பவளைப் போல, மெதுவாகப் பேசினான்.

"இல்லடி கண்ணு. தப்பா சொல்றே. உங்கம்மா சந்தேகப்பட்டது நெசம்தான். சாந்தோஸ் துறைமுகத்துல எனக்கு ஒருத்தி இருந்தா. ஆறு வருஷம். வீடு ரெண்டானது என்னாலதான். உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் சொல்லல."

அதற்கப்புறம்தான் என் பக்கம் திரும்பினான். கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதுக்கா, சோய்லா?" என்றான். "நான் இதைக் கேட்டிருந்தா அவகிட்ட நானே சொல்லியிருப்பேனே. இதுக்கா?"

"ஆமா" என்றேன். "இதுக்குத்தான்."